சங்கீதப் பாடம் எதற்கு? திருகோணமலைப் பெற்றோர் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

இருபத்திரண்டு வருஷமாகத் திருகோணமலையில் கர்நாடக சங்கீதம் படிப்பிக்கிறேன். முதலில் நிலாவெளிப் பக்கம், பிறகு மூதூர்ப் பக்கம், இப்போது நகரத்துக்குள். பெற்றோர் கூட்டத்தில், மீன் சந்தையில், பத்திரகாளி கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும்போது என்று எங்கே கண்டாலும் மறித்து வைத்து ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு இடத்தில் எழுதி வைத்துவிட்டால் செருப்பையாவது நிம்மதியாகத் தேடலாம்.

சங்கீதம் படித்தால் கணிதம் நன்றாக வருமாமே, ரீச்சர்?

வராது. அல்லது, வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்தக் கதைக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. 1993இல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களுக்கு மொஸார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் போட்டுக் காட்டி, பிறகு ஒரு சோதனை வைத்தார்கள். வடிவங்களை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கிற வகைக் கேள்விகளில் கொஞ்சம் கூடுதலாகப் புள்ளி எடுத்தார்கள், அந்த விளைவும் கால் மணித்தியாலத்துக்குள் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. அது 'நேச்சர்' இதழில் வந்ததும், குழந்தைக்குத் தொட்டிலிலேயே மொஸார்ட் போட்டால் மூளை வளரும் என்று ஒரு வியாபாரமே கிளம்பிவிட்டது. 2004இல் கனடாவில் ஷெல்லன்பேர்க் என்பவர் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைப் பிரித்து, சிலருக்குக் கீபோர்ட், சிலருக்கு வாய்ப்பாட்டு, சிலருக்கு நாடகம், சிலருக்கு ஒன்றுமில்லை என்று 36 வாரம் வைத்துப் பார்த்தார். சங்கீதம் படித்தவர்களுக்கு நுண்ணறிவுப் புள்ளி மற்றவர்களைவிடச் சின்னதாக உயர்ந்தது, ஆனால் ஊரோடு ஒத்துப் பழகுவதில் முன்னேறியது நாடகம் படித்த பிள்ளைகள்தான். 2020இல் சாலா, கோபே என்ற இரண்டு பேர் இப்படிப்பட்ட 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, ஒழுங்காக நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்தால் படிப்பில் கூடுதல் பலன் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை என்று எழுதினார்கள்.

சரி, தாளத்தில் கணக்கு இல்லையா என்றால், இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்தால் முப்பத்திரண்டு. 'ததிகிணதொம்' என்ற சொற்கட்டு ஐந்து. அதை இடைவெளி இல்லாமல் மூன்று தரம் சொல்லிச் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், வந்து இறங்க வேண்டும் என்றால் பதினைந்து வேண்டும், அப்போது முன்னால் பதினேழை விட வேண்டும், அதாவது லகு என்கிற முதல் பகுதியின் நான்கு எண்ணிக்கையையும் முடித்து, அடுத்து வரும் முதல் திருதத்தின் தட்டில் கால் எண்ணிக்கை விட்டுத் தொடங்க வேண்டும். தரம் 10இல் மிருதங்கம் வாசித்த ஒரு பையன் இதை விரல் மடிக்காமல் சொல்வான். ஏழுக்குச் சொல், ஒன்பதுக்குச் சொல் என்று கேட்டாலும் சொல்வான். அவனுக்கு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் 'எஸ்', வெறும் சித்திதான்.

அப்படியென்றால் எதற்குத்தான் படிக்க வேண்டும்?

கேட்கப் பழகுவதற்கு.

தரம் 6க்கு முதல் பாடத்தில் நான் பாட்டே சொல்லிக்கொடுப்பதில்லை. கண்ணை மூடச் சொல்லி ஒரு நிமிடம் கேட்கும் சத்தங்களை எண்ணச் சொல்வேன். முதல் தரம் மூன்று நான்குதான் வரும்: காகம், ஓட்டோ, பக்கத்து வகுப்பு ரீச்சர். ஒரு மாதம் கழித்து அதே ஒரு நிமிடத்தில் பன்னிரண்டு பதின்மூன்று சொல்கிறார்கள், துறைமுகத்துக்குள் கப்பல் ஊதுவது, மின்விசிறியின் ஒரு இதழ் மட்டும் தட்டுவது, மதிலுக்கு வெளியே மான் பொலித்தீன் பையைக் கிளறுவது. (எங்கள் ஊரில் மான் வீதியில்தான் நிற்கும். வெளியூர்க்காரர் நம்புவதில்லை.) ஒரு பிள்ளை, "ரீச்சர், கட்டையர் மூக்கால மூச்சு விடுறான்" என்றாள், வகுப்பே சிரித்தது, ஆனால் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்.

இதற்குப் பிறகுதான் சுருதி. 38 பிள்ளைகள் ஒரே சட்ஜத்தில் நிற்க வேண்டும். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு 'ஸா' என்று சொல்லச் சொன்னால் முதல் நாள் சந்தைதான். சத்தமாகப் பாடுகிறவன்தான் நன்றாகப் பாடுகிறவன் என்று எல்லோருக்கும் நினைப்பு. பக்கத்தில் இருப்பவனின் குரல் காதில் விழாவிட்டால் உன் குரல் கூடிப்போயிற்று என்ற ஒரே விதியை மட்டும் சொல்லிவிட்டு விட்டால், இரண்டு மூன்று கிழமையில் தாங்களாகவே குறைத்துக்கொள்கிறார்கள், பிறகு ஒரு நாள், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, 38 குரலும் ஒரே குரலாக விழுந்துவிடும். அன்றைக்கு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வையை நீங்கள் பார்க்க வேண்டும். எந்தப் பாடத்திலும் வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைச் சரியாகச் செய்கிற சந்தர்ப்பம் இப்படிக் கிடைப்பதில்லை, கணிதத்தில் முதலாம் பிள்ளை முதலாம் பிள்ளைதான், முப்பத்தெட்டாம் பிள்ளை முப்பத்தெட்டுத்தான்.

இன்னொன்று, திக்கிப் பேசுகிற பிள்ளைகள். அவர்களில் அநேகமானோர் பாடும்போது திக்குவதில்லை. அது வைத்தியம் அல்ல, பாட்டு முடிந்து பேசத் தொடங்கினால் திக்கும், அதற்குப் பேச்சு சிகிச்சையாளரிடம் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் வாசிக்க எழுப்பினாலே வியர்த்துப்போகிற ஒரு பிள்ளை, ஒரு கீதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தடக்காமல் பாடி முடித்துவிட்டு உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு, அந்த வகுப்பு அவளைப் பார்த்த விதம் மாறிவிட்டது.

எங்கள் பிள்ளைக்குக் குரலே இல்லை. காகம் மாதிரி.

முதலில் பிள்ளைக்கு முன்னால் அப்படிச் சொல்வதை நிறுத்துங்கள்.

சுருதி சேராத பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் குரலில் பழுதில்லை, தங்கள் குரலுக்கு ஒத்துவராத கட்டையில், அதாவது சுருதி அளவில், பாட வைத்திருப்பார்கள். பெண் பிள்ளைக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை சரியாக இருக்கும், அதே சுருதியில் பெரிய பையனை நிறுத்தினால் அவன் கத்தத்தான் செய்வான். சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். உண்மையாகவே சுர பேதம் காதுக்குத் தெரியாதவர்கள் மிகக் கொஞ்சப்பேர்தான், இத்தனை வருஷத்தில் நான் அப்படி நினைத்தது இரண்டு பிள்ளைகளை, அதில் ஒருவன் பிறகு அருமையாகத் தாளம் போட்டான்.

மகன் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தான், தரம் 8இல் திடீரென்று குரல் உடைந்துவிட்டது. நிறுத்தலாமா?

மகரக்கட்டு. எல்லாப் பையன்களுக்கும் வரும். மேல் ஸ்தாயிக்கு இழுக்காமல், சின்ன எல்லைக்குள், மெதுவாகப் பாடட்டும். அந்த ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் மிருதங்கமோ வயலினோ தொடங்க நல்ல காலம். எத்தனையோ பையன்கள் இந்த இடத்தில்தான் சங்கீதத்தை விட்டுப் போகிறார்கள், காரணம் குரல் இல்லை, வகுப்பில் சிரித்தது.

தரம் 5 புலமைப்பரிசில் வருகிறது. ஒரு வருஷத்துக்குச் சங்கீத வகுப்பை நிறுத்தி வைக்கிறோம், ரீச்சர்.

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நிறுத்தி வைக்கிறோம் என்று போன பிள்ளைகளில் திரும்பி வந்தவர்களை ஒரு கையில் எண்ணலாம். தரம் 5க்குப் பிறகு தரம் 6இல் புதுப் பாடசாலை, அப்புறம் ஆங்கிலம், அப்புறம் விஞ்ஞான ரியூசன், பிறகு சாதாரண தரம். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் பாடினதால் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி தவறிப்போன பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு எழும்பி, பாடசாலை, ரியூசன், இன்னொரு ரியூசன் என்று ஓடுகிற பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு மணித்தியாலம்தான் மூச்சு விடுகிற நேரம்.

பெற்றோரை மட்டும் குறை சொல்ல முடியாது. நான் முன்பு படிப்பித்த ஒரு பாடசாலையில் மூன்றாம் தவணை வந்தால் என் பாடவேளைகளை எல்லாம் 'மீட்டலுக்கு' என்று வாங்கிவிடுவார்கள். ஒரு தவணை முழுவதும் நான் ஆசிரியர் அறையில் இருந்து மற்றவர்களின் கொப்பிக்குப் புள்ளி கூட்டிக் கொடுத்தேன். பிறகு ஒரு திங்கட்கிழமை ஆள் அனுப்பினார்கள்: பிரதம விருந்தினர் வருகிறார், வியாழக்கிழமைக்கு ஒரு வரவேற்புப் பாட்டு வேணும், புதுசாக இருக்கட்டும், பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு வரட்டும். சங்கீதம் வேண்டாம், பாட்டு மட்டும் வேணும்.

தமிழ்த் தினப் போட்டிகள் பிள்ளைக்கு நல்லதுதானே?

நல்லதுதான், கோட்டம், வலயம் என்று மேலே போகப் போகப் பிள்ளைக்கு ஒரு தெம்பு வரும், வில்லுப்பாட்டும் நாட்டார் பாடலும் இன்னும் பாடசாலைகளில் உயிரோடு இருப்பதற்கே அந்தப் போட்டிகள்தான் காரணம் என்றும் சொல்லலாம். என் மனக்குறை வேறு. போட்டி நெருங்கினால் ஐந்து குரலைத்தான் திரும்பத் திரும்பத் தீட்டிக்கொண்டிருப்போம், மிச்சம் 33 பேரும் பின்வாங்கில் இருந்து வீட்டுப்பாடம் செய்வார்கள். அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன், கேடயத்தோடு போட்டோவுக்கும் நின்றிருக்கிறேன்.

சாதாரண தரத்துக்குச் சங்கீதம் எடுத்தால் 'ஏ' சும்மா வருமாம், உண்மையா?

இல்லை. எழுத்துப் பரீட்சையும் உண்டு, செய்முறைப் பரீட்சையும் உண்டு. ராக இலட்சணம், தாள அங்கங்கள், வாக்கேயகாரர் (பாட்டு இயற்றியவர்கள்) வரலாறு, இசைக்கருவிகள், நாட்டார் இசை என்று படிக்க இருக்கிறது, அதோடு பரீட்சகருக்கு முன்னால் இருந்து பாட வேண்டும். தரம் 10இல் இலகுவான பாடம் என்று நினைத்து வந்து, முதல் பயிற்சியான சரளி வரிசைகூடத் தெரியாமல் விழிக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தரம் 6இலிருந்து ஒழுங்காக வந்த பிள்ளைக்கு இது நல்ல புள்ளி தரும் பாடம். இடையில் குதிக்கிற பிள்ளைக்குச் சித்திரமோ இலக்கியமோ நல்லது.

வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகள் எழுத வேண்டுமா?

எழுதினால் ஒரு ஒழுங்கு வரும், தரம் தரமாகப் போய் ஆசிரியர் தரம் வரைக்கும் எழுதலாம், அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் வருஷம் ஒரு தரம் என்று பிள்ளையை ஓட்டாதீர்கள். நான்காம் தரம் சித்தியடைந்த ஒரு பிள்ளையிடம் உனக்குப் பிடித்த ராகம் எது என்று கேட்டேன், "பாடத்திட்டத்தில எது இருக்கு ரீச்சர்?" என்று கேட்டது.

இதை வைத்து என்ன உத்தியோகம் எடுக்கலாம்?

நேரடியாகச் சொன்னால், ஆசிரியத் தொழில்தான் முதலில் வரும். உயர்தரத்தில் கலைப்பிரிவில் கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாக எடுத்து, மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ, முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகம் என்றிருந்து இப்போது பீடமாகிவிட்ட, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மடம் வளாகத்துக்கோ போகலாம். பிறகு கச்சேரி, ஒலிப்பதிவு, கோயில் திருவிழா, கலியாண வீடு. பெரிய பணக்காரர் ஆகலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விஞ்ஞானப் பாடம் படிப்பித்துவிட்டு எல்லாப் பிள்ளைகளும் விஞ்ஞானி ஆகவில்லையே என்று யாரும் கேட்பதில்லை, சங்கீதத்துக்கு மட்டும் இந்தக் கேள்வி ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கர்நாடகமா, மேலைத்தேயமா? பிள்ளைக்குக் கீபோர்ட் வேணுமாம்.

கீபோர்டில் தொடங்கட்டும். பிள்ளை எதன் மேல் கையை வைக்க ஆசைப்படுகிறதோ அதில் தொடங்குவதுதான் புத்தி. தேவாலயப் பாடகர் குழுவில் பாடி வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சுரம் சேர்ந்து ஒலிப்பது காதில் ஊறியிருக்கும், அவர்களை மேலைத்தேயப் பக்கம் விடுவதுதான் நல்லது. சுரத்தை அசைத்து இழைக்கிற கமகம் மட்டும் கீபோர்டில் வராது. அது பிள்ளைக்கு ஒரு நாள் தானாகவே தெரியவரும், அன்றைக்குக் கூட்டி வாருங்கள்.

சினிமாப் பாட்டுப் பாடினால் சங்கீதம் கெட்டுப்போகுமா?

போகாது.

நாங்கள் கிண்ணியா, முஸ்லிம் குடும்பம். வீட்டில் சங்கீதத்துக்கு விருப்பமில்லை, மகளோ ஆசைப்படுகிறாள்.

இதில் நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது, அது உங்கள் வீட்டுக்குள் பேச வேண்டிய விஷயம். அழகியல் என்றால் சங்கீதம் மட்டும் இல்லை, சித்திரம் இருக்கிறது, நாடகமும் அரங்கியலும் இருக்கிறது. வாத்தியம் வேண்டாம், குரல் பரவாயில்லை என்கிற குடும்பங்களும் உண்டு, அப்படி இரண்டு பிள்ளைகள் என்னிடம் நாட்டார் பாடல் மட்டும் படித்தார்கள். அவர்களின் வாப்பும்மா வயல் வெட்டும்போது பாடின கவிகளை அவர்களே எனக்குச் சொல்லித் தந்தார்கள், அவற்றை நான் எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊருக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம்? அதெல்லாம் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நிறைய எழுத ஆசை.

சம்பந்தர் கோணேசர் மேல் பாடின பதிகம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது மூன்றாம் திருமுறையில் இருக்கிறது, பண் புறநீர்மை. ஓதுவார்கள் அதை இப்போது பூபாளத்தில் பாடுவது வழக்கம், ஐந்தே ஐந்து சுரம் உள்ள காலை நேர ராகம். கோயிலில் சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பாட்டு என்றதால் பூபாளத்தைப் படிப்பிக்க எனக்கு அரை மணித்தியாலம் போதும், பிள்ளைகள் சுரத்தை அந்தப் பாட்டுக்குள்ளேயே தேடி எடுத்துவிடுவார்கள். சம்பந்தர் கடல் தாண்டி வரவில்லை, இராமேசுவரத்தில் நின்றுதான் பாடினார் என்பது மரபு. ஆனால் பதிகத்தில் கடல் முத்துகளைக் கரையில் ஒதுக்குகிற சத்தம் இருக்கிறது. கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையில் நின்று கீழே பார்த்தால் அதே சத்தம்தான்.

விபுலாநந்த அடிகள் இங்கே இந்துக் கல்லூரி அதிபராக இருந்தவர். காரைதீவுக்காரர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. பழைய தமிழ் யாழ்களின் அமைப்பையும் சுர அளவுகளையும் கணக்குப் போட்டுத் தேடி அவர் எழுதின யாழ் நூல் 1947 ஜூனில் தமிழ்நாட்டில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் போய்விட்டார். விஞ்ஞானம் படித்தவனுக்குச் சங்கீதம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் அவருடைய பெயரை மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிடுவேன்.

பிறகு கடற்கரை. திருக்கடலூர்ப் பையன் ஒருவன் தரம் 7இல் இருந்தான், சுரம் அரைகுறை, கொப்பி கொண்டுவர மாட்டான், ஆனால் தாளம் போட்டால் கடிகாரம் தோற்கும். வேகம் கூட்டச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் ஓடத் தொடங்குவார்கள், இவன் அசைய மாட்டான். எங்கே பழகினாய் என்று கேட்டேன். "சனி ஞாயிறில அப்பாவோட கரைவலை இழுக்கப் போறனான், ரீச்சர்" என்றான். ஒருவர் அம்பாப் பாட்டில் ஒரு அடி எடுத்துக்கொடுக்க, கயிற்றில் நிற்கிற அத்தனை பேரும் பதில் பாடி, அந்த பதிலின் ஒரு எழுத்தில்தான் எல்லோரும் சேர்ந்து இழுப்பார்கள். ஒருவன் முந்தினாலும் பிந்தினாலும் பாரம் மற்றவன் தோளில் விழும். தாளம் தவறினால் புள்ளி குறையும் என்று நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன், அவனுக்குத் தாளம் தவறினால் அப்பாவின் கையில் கயிறு அறுக்கும். அடுத்த கிழமை அவனை முன்னுக்கு விட்டு வகுப்பு முழுவதையும் ஒரு கற்பனைக் கயிறு இழுக்க வைத்தேன். சமம் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் விளக்கம் கொடுத்ததில்லை.

வாத்தியம் வாங்க வேண்டுமா?

முதல் வருஷம் வேண்டாம். போனில் தம்பூராச் செயலி போதும். வாங்கினால் கடல் காற்றை நினைத்து வாங்குங்கள்: வயலின் கம்பி துருப்பிடிக்கும், வாசித்து முடிந்ததும் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வீணையில் மெட்டுகளைப் பதித்திருக்கிற மெழுகு வெயிலில் இளகும், யன்னல் ஓரம் வைக்காதீர்கள். மிருதங்கம் மாரி காலத்தில் இறங்கும், கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் ஏறும், இது பழுதல்ல, திருப்பிக் கொடுக்க கடைக்கு ஓட வேண்டாம்.

எங்கள் பாடசாலையில் சங்கீத ஆசிரியரே இல்லை.

தூரத்துக் கிராமங்களில் இதுதான் பெரிய பிரச்சினை. அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்டு அதைக் கூட்ட அறிக்கையில் பதியச் சொல்லுங்கள், பிரதியை வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும். ஆசிரியர் வரும் வரைக்கும் ஊரில் உடுக்கு அடிக்கிறவர், கூத்து அண்ணாவியார், கோயிலில் தேவாரம் பாடுகிற அம்மா என்று யாராவது நிச்சயம் இருப்பார்கள், மாதம் ஒரு தரமாவது அவர்களைப் பாடசாலைக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுங்கள், பஸ் காசும் கொடுங்கள்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. நான் இப்போது தொடங்கலாமா?

தாராளமாக. சனிக்கிழமை பின்னேரம் என்னிடம் ஒரு ஐயா வருகிறார், அறுபத்துமூன்று வயசு, பேரனைக் கொண்டுவந்து விட வந்தவர், வெளியே வாங்கில் இருந்து கேட்டுக் கேட்டுத் தானும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். ஆறு மாதமாகிறது, இன்னும் சரளி வரிசைதான். பேரன் ஜண்டை வரிசைக்குப் போய்விட்டான், அதில் ஐயாவுக்குக் கொஞ்சம் கோபம்.